‘கண்டும் காணாமல் போகிறாள்’ என்கிறார்கள்

எழுதியிருப்பவர் ஓர் ஆசிரியை. வயது 38. 14 வருடமாகப் பள்ளியில் கணக்கு நடத்துகிறார். கடிதம் நீளமானது. அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவர் வார்த்தைகளிலேயே சுருக்கித் தருகிறேன்.

“வகுப்பில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இடம் மாறி உட்கார்ந்தால் தொலைந்தேன். கணக்கு நோட்டைத் திறந்ததும் பெயர் பார்க்காமலே இது யார் கையெழுத்து என்று சொல்லிவிடுவேன். ஆனால் அதே பிள்ளை சீருடையில் படிக்கட்டில் எதிரே வந்தால் என் வகுப்பா, அடுத்த வகுப்பா என்றுகூடத் தெரியாது. கூட வேலை பார்ப்பவர்களை வெளியே எங்காவது பார்த்தால் கடந்து போய்விடுகிறேன். ‘கண்டும் காணாமல் போகிறாள், தலைக்கனம்’ என்று பேர் வாங்கியாயிற்று. ஒருமுறை என் கணவர் மீசையை எடுத்துவிட்டு ரயில் நிலையத்தில் நின்றிருந்தார். அவரையே தாண்டிப் போனேன். ‘மனசில் இருந்தால் மறக்குமா?’ என்று அவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ‘முகத்தைப் பார்த்துப் பேசு’ என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். அதனால் ஆறு மாதமாக எதிரில் இருப்பவர் கண்ணையே உற்றுப் பார்க்கிறேன். மூக்கு இப்படி, தாடை இப்படி என்று மனதுக்குள் ஒப்பிக்கிறேன். ஒரு பயனும் இல்லை, பேசிய விஷயம்தான் காதில் ஏறாமல் போகிறது. மறதி நோயின் ஆரம்பமா? ஸ்கேன் எடுக்கலாமா? என் 7 வயது மகளும் படம் பார்க்கும்போது ‘இது யாரு, முன்னாடி வந்தவரா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள் பள்ளி வாசலில் என்னுடையதைப் போலவே மஞ்சள் பை வைத்திருந்த வேறொருவரின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.”

கடைசிப் பத்தியில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் படிக்கட்டில் ஒரு மாணவன் இன்னொருவனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். விழுந்தவனுக்குக் கை எலும்பு முறிவு. பக்கத்தில் இருந்த பெரியவர் இவர் ஒருவர்தான். தலைமை ஆசிரியர் ஐந்து மாணவர்களின் படங்களை மேசையில் பரப்பி “இதில் யார்?” என்று கேட்டார். நெற்றியில் முடி விழுந்திருந்த பையனின் படத்தை இவர் காட்டினார். “நாங்களும் இவனைத்தான் நினைத்தோம்” என்றார் தலைமை ஆசிரியர். பையனைப் பத்து நாள் இடைநீக்கம் செய்தார்கள். திரும்பி வந்தவன் யாரிடமும் பேசுவதில்லை. “அப்போது கொஞ்சம் குழப்பம் இருந்தது. இப்போது அவன்தான் என்று உறுதியாகவே தோன்றுகிறது” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை 38 வருடமாக உங்களோடு இருப்பவை, இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

முதலில் அந்த மாணவன்

உங்கள் சிரமத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வையுங்கள். முகங்களைச் சட்டென்று அடையாளம் காணும் ஒருவர் உங்கள் இடத்தில் இருந்திருந்தாலும் அந்த விசாரணை நடந்த விதம் சரியில்லை என்றுதான் சொல்வேன். நமக்கெல்லாம் முகம் நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை, பழகிய முகங்களை வைத்து வளர்ந்தது. பழகாத முகத்தில் மனிதர்கள் படுமோசம். 1999-இல் உளவியலாளர் விக்கி புரூஸின் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். தெளிவான வீடியோவிலிருந்து எடுத்த ஒரு முகம், கீழே பத்துப் படங்கள். எதையும் நினைவில் வைக்க வேண்டாம், இரண்டும் கண்ணெதிரேயே இருக்கின்றன, நேரக்கெடுவும் கிடையாது. அப்படியும் பத்தில் ஏழு முறைதான் சரியான படத்தைக் காட்டினார்கள். 2014-இல் ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளையே சோதித்தபோது, நேரில் நிற்பவருடையது அல்லாத படங்களில் 14 சதவீதத்தை ‘இவர்தான்’ என்று ஏற்றுக்கொண்டார்கள். அதையே தொழிலாகச் செய்பவர்கள், ஒப்பிடுவதற்காகச் சோதித்த பல்கலைக்கழக மாணவர்களைவிட ஒரு படிகூட மேலாக இல்லை. பணி அனுபவமும் கைகொடுக்கவில்லை.

நீங்கள் பார்த்ததோ ஓடுகிற ஒரு பையனை, சில நொடி. படத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் நேர்மையாகவே எழுதியிருக்கிறீர்கள்: நெற்றியில் விழுந்த முடி. பழகாத முகத்தில் எல்லோருமே முடியையும் முகத்தின் வெளிக்கோட்டையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பழகிய முகமானால் கண், மூக்கு, வாய் இருக்கும் உள்பகுதியே போதும். இது 1979-இலேயே சோதித்துக் காட்டப்பட்ட விஷயம். ஆனால் ஒரே பள்ளியில் நெற்றியில் முடி விழும் பையன்கள் எத்தனை பேர்!

அடுத்து அந்த ஐந்து படங்கள். “தள்ளியவன் இந்த ஐவரில் இல்லாமலும் இருக்கலாம்” என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் கேள்வியே ‘ஐந்தில் எது?’ என்று மாறிவிடுகிறது. அப்போது யாராக இருந்தாலும் இருப்பவற்றில் எது அதிகம் ஒத்துப்போகிறது என்றுதான் தேடுவார்கள். ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை தவறான அடையாளங்களை எவ்வளவு குறைக்கிறது என்பதை மால்பாஸ், டிவைன் என்ற இருவர் 1981-இல் காட்டினார்கள்.

இப்போது உங்களுக்கு வந்திருக்கும் அந்த உறுதிக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது அதுதான். 1998-இல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்டு இருவரும் தவறான ஆளைக் காட்டியவர்களிடம் “சரியாகச் சொன்னீர்கள், அவர்தான் சந்தேக நபர்” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கேட்டபோது அவர்கள் தங்களுக்கு அப்போதே உறுதியாக இருந்தது என்றார்கள். அதுமட்டுமில்லை, முகத்தை நன்றாகப் பார்த்தோம், கவனமாகப் பார்த்தோம் என்றும் சொன்னார்கள். பார்த்தது மாறவே இல்லை, அதைப் பற்றிய நினைவு மட்டும் மாறிவிட்டது. உங்கள் தலைமை ஆசிரியர் சொன்ன “நாங்களும் இவனைத்தான் நினைத்தோம்” அதே வேலையைச் செய்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் இருந்த குழப்பம்தான் உங்கள் உண்மையான சாட்சியம். இன்றைய உறுதி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அவன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. அவனாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் விரல் காட்டிய திசையை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பேசாமல் இருப்பது ஒன்று. தண்டனைக் காலம் முடிந்துவிட்டதே என்று தோன்றலாம், ஆனால் பையனின் பதிவேட்டில் அது இருக்கும், அவன் மனதில் அதைவிட ஆழமாக இருக்கும். தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வது இரண்டாவது. சுலபம்தான், ஆனால் “விடுங்கள் டீச்சர், முடிந்துபோன கதை” என்று அவர் சொல்லிவிட்டால் அத்தோடு போயிற்று. அதனால் மூன்றாவதைச் சொல்கிறேன்: எழுதிக் கொடுங்கள், தேதியிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நாலு வரி போதும். “அன்று நான் காட்டிய படம் பற்றி அந்த நேரத்தில் எனக்கு நிச்சயம் இருக்கவில்லை. முகங்களை அடையாளம் காண்பதில் எனக்குச் சிறுவயதிலிருந்தே சிரமம் உண்டு. முடி வாரியிருந்த விதத்தை வைத்துத்தான் காட்டினேன். அதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.” இதோடு உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததையும் எழுதுங்கள். பையன் எந்தப் பக்கம் ஓடினான், என்ன உயரம், பை இருந்ததா, ஏதாவது கத்தினானா, குரல் எப்படி இருந்தது என்று. உங்களைப் போன்றவர்கள் இவற்றை மற்றவர்களைவிடக் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

இதில் உங்களுக்கு இடைஞ்சல் வராது என்று பொய் சொல்ல மாட்டேன். “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்பார்கள். சங்கடமான ஒரு வாரம் இருக்கும். விழுந்த பையனின் பெற்றோர் காவல்துறை வரை போயிருந்தால் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அது என் துறை இல்லை. ஆனால் தாமதித்துத் திருத்திய சாட்சி வேறு, திருத்தவே செய்யாத சாட்சி வேறு.

கண்ணை உற்றுப் பார்ப்பது ஏன் உதவவில்லை

இனி உங்கள் சிரமத்துக்கு வருவோம். ஆறு மாதப் பயிற்சி பலிக்காததில் எனக்கு வியப்பே இல்லை. முகத்தை ‘நன்றாகப் பார்ப்பது’ என்று நாம் நினைப்பதற்கும் கண் உண்மையில் செய்வதற்கும் வெகுதூரம்.

நம் பார்வை நாம் உணர்வதுபோல ஓரிடத்தில் நிற்பதில்லை. விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. அப்படித் தாவும் கண் முகத்தில் எங்கெல்லாம் போகிறது என்பதை ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரெட் யார்பஸ் 1960-களில் பதிவு செய்து காட்டினார். கண்களுக்கும் வாய்க்கும் மாறி மாறிப் போகும் கோடுகள் அவை. ஆனால் ஆளை அடையாளம் காண அத்தனை தாவல் தேவையில்லை. தாவல்களுக்கு நடுவே கண் இரண்டே இரண்டு முறை நின்று பார்த்தால் போதும் என்று 2008-இல் ஷியாவ், காட்ரெல் இருவரும் காட்டினார்கள். அதாவது அரை விநாடி சொச்சம். முதல் பார்வை கண்ணில்கூட விழுவதில்லை, மூக்கை ஒட்டி விழுகிறது. பலருக்குக் கண்களுக்குச் சற்றுக் கீழே ஓரிடம்தான் தோதான இடம். அங்கே நின்றால் மொத்த முகமும் ஒரே பிடியில் கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே பாணியும் கிடையாது. மேற்கு ஐரோப்பியர்கள் கண், வாய் என்று முக்கோணமாகப் பார்த்தபோது கிழக்காசியர்கள் முகத்தின் நடுப்பகுதியையே அதிகம் பார்த்தார்கள் என்று ராபெர்டோ கல்டாராவின் குழு கண்டது. இரு சாராரும் ஒரே அளவு சரியாகத்தான் அடையாளம் கண்டார்கள். ஆகவே ‘கண்ணைப் பார்த்தால் ஆள் தெரியும்’ என்ற உங்கள் அம்மாவின் சூத்திரத்துக்கு நான் மதிப்பெண் போட முடியாது. மரியாதைக்கு அது சரி. அடையாளத்துக்கு அது போதாது.

மூக்கு இப்படி, தாடை இப்படி என்று ஒப்பிப்பதும் அப்படித்தான். இதை உங்களுக்கு விளக்க நான் சிரமப்பட வேண்டியதே இல்லை, உதாரணத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். நோட்டைத் திறந்ததும் யார் கையெழுத்து என்று சொல்லிவிடுவேன் என்கிறீர்களே, எப்படி? ‘ஒன்பதின் வால் இத்தனை நீளம், ஏழின் சாய்வு இத்தனை பாகை’ என்று அளந்தா பார்க்கிறீர்கள்? மொத்தமாக ஒரு தோற்றம் வந்து முகத்தில் அறைகிறது. பிறகு யாராவது கேட்டால்தான் ஒன்பதின் வாலைத் தேடுவீர்கள். மற்றவர்களுக்கு முகம் அப்படி வந்து விழுகிறது. உறுப்பு உறுப்பாகக் கூட்டி வருவது இல்லை.

இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1969-இல் ராபர்ட் யின் முகப்படங்களைத் தலைகீழாகக் காட்டினார். வீடு, விமானம் போன்றவற்றைத் தலைகீழாகக் காட்டினாலும் அடையாளம் காண்பது கொஞ்சம் குறையும், ஆனால் முகத்தில் விழுந்த அடி அதைவிடப் பெரிது. கண் அதே கண், மூக்கு அதே மூக்கு, ஆனால் மொத்தமாகப் பிடிக்கும் வழி அடைபட்டுவிட்டது. 1987-இல் ஆண்ட்ரூ யங்கும் கூட்டாளிகளும் ஒருவரின் மேல் முகத்தையும் இன்னொருவரின் கீழ் முகத்தையும் ஒட்டிக் காட்டினார்கள். மேல்பாதி யாருடையது என்று சொல்லவே பார்த்தவர்கள் திணறினார்கள், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு புது ஆள் தெரிந்ததால். பாதிகளைக் கொஞ்சம் விலக்கி வைத்ததும் சுலபமாயிற்று.

(ஒப்பித்தே தீருவேன் என்றால் மூக்கை விட்டுவிட்டுப் புருவத்தில் ஆரம்பியுங்கள். பிரபலங்களின் படங்களில் கண்களை அழித்துவிட்டுக் காட்டியதைவிடப் புருவங்களை அழித்துக் காட்டியபோதுதான் பார்த்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள். 2003-இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்த நாள் முதல் நான் புருவத்தை மரியாதையோடுதான் பார்க்கிறேன்.)

மொத்தமாகப் பிடிக்கும் அந்த வேலையில் பெரும்பங்கு வலப்பக்க மூளைக்கு. மூளையின் அடிப்பக்கம், காதுக்குப் பின்புறமாக ஒரு சிறு பகுதி, வேறு பொருள்களைவிட முகத்தைக் கண்டால் அதிகமாகக் கிளர்கிறது என்று நான்சி கான்விஷர் குழு 1997-இல் காட்டியது. அது மட்டும் தனியாக வேலை செய்வதில்லை, சங்கிலியில் அது ஒரு கண்ணி. உங்களுக்கு அந்தச் சங்கிலி பிறவியிலிருந்தே வேறு மாதிரி அமைந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாத இந்த நிலைக்கு ப்ரோசோபக்னோசியா என்று பெயர். ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர் 1947-இல் வைத்தது. தலையில் காயம்பட்டவர்களைப் பார்த்து அவர் அதை எழுதினார். காயமே இல்லாமல் பிறவியிலிருந்தே இப்படி இருப்பவர்கள் ஏராளம் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. எந்த அளவுகோலை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். உங்கள் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் இருந்தால் இருபது பேராவது உங்களைப் போலச் சீட்டின் இடத்தையும் பையின் நிறத்தையும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கலாம்.

மறதியா, மனசில்லையா?

மறதி நோய் என்ற பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கடிதமே அதற்கு எதிரான சாட்சி. சிறுவயதிலிருந்தே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் எந்தக் கணக்கில் தடுக்கி விழுவார்கள் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. பெயர் மறப்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘பார்த்த முகம்தான், பேர்தான் வரவில்லை’ என்பது எல்லோருக்கும் நடப்பது. அங்கே முகம் பிடிபட்டுவிட்டது, பெயரில்தான் தடங்கல். உங்களுக்கு ‘பார்த்த முகம்’ என்ற அந்த உணர்வே எழுவதில்லை.

‘பையனுக்குப் புரியவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்’ என்று கடிதத்தில் வேறோர் இடத்தில் எழுதியிருந்தீர்கள். முகம் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆள் தெரியாதா என்று அதையும் உங்களுக்கு எதிராகவே வைத்துக்கொள்கிறீர்கள். முகபாவத்தைப் படிப்பதும் ஆளை அடையாளம் காண்பதும் வேறு வேறு வேலைகள். விக்கி புரூஸும் ஆண்ட்ரூ யங்கும் 1986-இலேயே இவற்றைத் தனித்தனிப் பாதைகளாக வரைந்து வைத்தார்கள். ஒன்று தடைபட்டும் இன்னொன்று நன்றாக ஓட முடியும். உங்களுக்கு ஓடுகிறது.

இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். ‘மனசில் இருந்தால் மறக்குமா?’ என்று கேட்டவருக்கு, மனசும் முகமும் எப்படித் தனித்தனியாகக் கழன்றுகொள்ளும் என்பதைக் காட்டும் ஒரு விநோதமான நிலை உண்டு. காப்க்ரா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923-இல் எழுதியது. அந்த நிலையில் இருப்பவர் மனைவியின் முகத்தைச் சரியாகவே அடையாளம் காண்பார். ஆனால் “இவள் என் மனைவி இல்லை, அவளைப் போலவே இருக்கும் வேறு யாரோ” என்பார். முகம் கிடைத்தது, அதோடு வரவேண்டிய நெருக்கம் வரவில்லை. இதற்கு நேர்மாறாக, மூளைக் காயத்துக்குப் பின் யார் முகமும் தெரியாமல்போன ஒருவரை ரசல் பாவர் 1984-இல் சோதித்தார். முகத்தைக் காட்டிப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னபோது, வாயால் அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் சரியான பெயர் வந்த இடத்தில் வியர்வையைப் பொறுத்து மாறும் அவர் தோலின் மின்கடத்தும் அளவு மாறியது. வாய் அறியாததை உடல் அறிந்திருந்தது. பிறவியிலிருந்தே உள்ளவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. அன்பு இருக்கிறதா என்று முகத்தை வைத்துச் சோதிக்க முடியாது என்றுமட்டும் சொல்கிறேன். மீசையை எடுத்துவிட்டு, எதிர்பாராத இடத்தில் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவர் அவர். “இந்தாம்மா” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

ஸ்கேன், பரிசோதனை, பயிற்சி

ஸ்கேன் இப்போது வேண்டாம். பிறவி ப்ரோசோபக்னோசியாவில் சாதாரண மருத்துவ ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே வரும். ‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேலேயே சந்தேகப்படுவீர்கள். ஆனால் ஒரு நாள் திடீரென்று இது கூடினால், புதிதாக இடமோ பொருளோ அடையாளம் தெரியாமல் போனால், பார்வையில் ஒரு பக்கம் மறைந்தால், பேச்சு குழறினால், தலையில் அடிபட்ட பின் மாறுதல் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு கதை, பக்கவாதமாகக்கூட இருக்கலாம். அதுவரை கண் மருத்துவர் ஒருவரிடம் சாதாரணப் பார்வைப் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். கண்ணாடியின் பவர் சரியில்லாததை மூளையின் மேல் போட வேண்டாமே.

உறுதி செய்ய நரம்பியல் உளவியலாளரைப் பாருங்கள். டூஷெயின், நாகயாமா இருவரும் 2006-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனையைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். முடியையெல்லாம் நீக்கிவிட்டு முகங்களைக் காட்டும், ஆகவே உங்கள் குறுக்குவழி அங்கே செல்லாது. இணையத்தில் நீங்களே செய்து பார்க்கலாம், ஆனால் ஒரு மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். தூக்கம், பதற்றம் எல்லாம் அதில் விளையாடும். பழகாத இன மக்களின் முகங்களை எல்லோருமே குறைவாகத்தான் அடையாளம் காண்கிறார்கள். சோதனையில் வரும் முகங்கள் உங்களைச் சுற்றி இருப்பவர்களைப் போல இல்லையென்றால் மதிப்பெண் இன்னும் கீழே போகும்.

குணப்படுத்தும் மருந்து கிடையாது. வாரக்கணக்கில் செய்யும் பயிற்சிகள் சிலருக்குச் சற்றே உதவியிருக்கின்றன. ‘30 நாளில் முக நினைவாற்றல்’ என்று விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழிகளே, அதாவது குரல், நடை, கையெழுத்து, உட்காரும் இடம் எல்லாம், எந்தப் பயிற்சியையும்விட நல்ல சொத்து. கண்ணை உற்றுப் பார்க்கும் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிட்டுக் காதுக்கு வேலை கொடுங்கள்.

யாரிடம் சொல்வது

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை நீங்கள் ‘தலைக்கனம்’ என்ற பேரில் 14 வருடமாகக் கட்டிவருகிறீர்கள். தலைமை ஆசிரியருக்கு எப்படியும் எழுதப்போகிறீர்கள், அங்கேயே ஆரம்பமாகட்டும். உளவியலாளரின் அறிக்கை கையில் இருந்தால் சில ஏற்பாடுகளைக் கேட்டுப் பெறலாம். படத்தோடு கூடிய இருக்கை வரைபடம், ஆண்டின் நடுவில் இடம் மாற்றாமை, கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணிப் பொறுப்பேற்கும் வேலையில் இன்னொருவர் துணை. இந்த மூன்றாவதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், அது பிள்ளைகளின் பாதுகாப்பு.

சக ஆசிரியர்களிடம் நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. “எனக்கு முகம் பிடிபடாது, குரல் கேட்டால்தான் தெரியும். வெளியே பார்த்தால் நீங்களே கூப்பிடுங்கள்” என்றால் போதும். சிலர் “எனக்கும் அப்படித்தான், பேரெல்லாம் மறந்துவிடும்” என்பார்கள். வாதாடாதீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள். பாதிப் பேருக்கு நினைவிருந்தாலே வாழ்க்கை இலகுவாகும். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கும் இது இருந்தது, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே வேறு ஆள் என்று எண்ணியதுண்டு. பிரம்மாண்டமான முகச்சித்திரங்களுக்குப் பேர்போன ஓவியர் சக் குளோஸுக்கும் இருந்தது. முகம் அசையாமல் தட்டையாகத் துணியில் வந்த பிறகுதான் தனக்கு அது நினைவில் நிற்கிறது என்றார்.

மாணவர்களிடம் சொல்வதா என்பதில் நான் சற்றுத் தயங்குவேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அழகாக ஏற்றுக்கொள்வார்கள், கை தூக்கும்போதே பெயரைச் சொல்வார்கள். பதின்வயதினர் தேர்வன்று இடம் மாறி உட்கார்ந்து பார்ப்பார்கள். நானாக இருந்தாலும் அந்த வயதில் செய்திருப்பேன். வகுப்பைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகள்

இந்தத் திறனில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரே கருவில் உருவான இரட்டையர்களின் மதிப்பெண்கள் மற்ற இரட்டையர்களுடையதைவிட வெகு நெருக்கமாக இருந்தன. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் 7 வயதில் எந்தக் குழந்தைக்கும் இந்தத் திறன் முழுதாக வளர்ந்திருக்காது. படத்தில் ‘இது யாரு?’ என்று கேட்பது மட்டும் பெரிய அடையாளமில்லை. தினமும் பார்க்கும் தோழிகளைச் சீருடை இல்லாத நாளில் தெரியாமல் விழிக்கிறாளா, வாய் திறக்கும்வரை காத்திருந்து பேசுகிறாளா, கூட்டம் என்றாலே ஒட்டிக்கொண்டு நிற்கிறாளா என்று சில மாதம் பாருங்கள். சந்தேகம் நீடித்தால் குழந்தைகளுக்கான சோதனைகள் தனியே இருக்கின்றன.

ஒன்றைமட்டும் இப்போதே செய்யலாம். “முகத்தைப் பார்த்துப் பேசு” என்று நீங்கள் கேட்டு வளர்ந்ததை அவளிடம் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, “அவர் யாரென்று தெரியவில்லையா? கேளு, தப்பில்லை” என்று சொல்லுங்கள். அறியாத ஆள் ‘நான் உன் மாமாதான்’ என்று கூப்பிட்டாலும் போய்விடாமல் இருக்க இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், இவளுக்கு அது மற்றக் குழந்தைகளைவிட அவசியம். வாசலில் நிற்க ஓர் இடத்தை முடிவு செய்து எப்போதும் அங்கேயே நில்லுங்கள். அவளைப் பார்த்ததும் முதலில் குரல் கொடுங்கள், நீங்கள் தவறவிட்டால் அவள் கொடுக்கட்டும். அந்த மஞ்சள் பையில் ஊரில் யாருக்கும் இல்லாத எதையாவது கட்டித் தொங்கவிடுங்கள். பையை மாற்றுவதாக இருந்தால் முதல் நாள் ராத்திரியே அவளிடம் காட்டிவிடுங்கள்.